தாளில் எழுதிய ஜாஸ்

அன்புள்ள ஐயா,

1930களின் ஸ்விங் காலத்து பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) இசைத்தட்டுகளை அண்மையில் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஜாஸின் உயிரே மனோதர்மம்தான் என்கிறார்கள். அப்படியானால், பதினைந்து பேர், யார் எதை எப்போது வாசிப்பது என்று அமைக்கும் அரேஞ்சர் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து வாசிப்பதை எப்படி ஜாஸ் என்பது?

கே.

அன்புள்ள கே.,

கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு 1935 ஜூலையில் பதிவுசெய்த ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’பை எடுத்துக்கொள்வோம். இயற்றியவர் ஜெல்லி ரோல் மார்ட்டன். ஆனால் நாம் கேட்கும் வடிவம் அரேஞ்சர் பிளெட்சர் ஹெண்டர்சனுடையது, அதுவும் அவருடைய சொந்தக் குழு 1928 முதலே பதிவுகளில் வாசித்துப் பக்குவப்படுத்திய பிறகு குட்மனுக்காக எழுதப்பட்டது. முடிவில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரு பக்கம், சாக்ஸஃபோன்கள் மறுபக்கம் என்று பிரிந்து, துண்டு துண்டாகக் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதைக் கவனியுங்கள். அது எழுதியது. அதற்கு முன் பன்னி பெரிகனின் டிரம்பெட்டுக்கும் குட்மனின் கிளாரினெட்டுக்கும் விடப்பட்டிருக்கும் வெளியை நிரப்புவது மனோதர்மம். அந்த வெளியை எங்கே திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று தீர்மானிப்பதும் அரேஞ்சரின் வேலைதான். (அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸின் பாலோமர் அரங்கில் குட்மன் பெற்ற வெற்றியில் ஹெண்டர்சனின் பங்கு பெரிது, அவருடைய சொந்தக் குழுவோ அதற்கு முந்தைய ஆண்டே கலைந்துபோயிருந்தது.)

குழுத் தலைவரும் தானே எழுதுபவருமான டியூக் எலிங்டன் இன்னொரு வகை. அவர் வாத்தியத்துக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். 1930இல் வந்த ‘மூட் இண்டிகோ’வின் தொடக்கத்தில் மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) செருகிய டிரம்பெட் மேலே ஒலிக்க, அதற்குச் சற்றே கீழே டிராம்போன் தன் உச்ச ஸ்தாயியில் இழைய, வழக்கமாக மேலே பறக்கும் கிளாரினெட் அடிமட்டத்தில் முனகுகிறது. டிராம்போனைக் கையாண்ட டிரிக்கி சாம் நான்ட்டனின் தொனி தெரிந்தவர் மட்டுமே துணிந்து எழுதக்கூடிய அடுக்கு இது. இன்னொரு குழுத் தலைவரான க்ளென் மில்லர் கிளாரினெட்டைச் சாக்ஸஃபோன்களின் தலைமீது ஏற்றிப் பெற்ற பளபளப்பு மிகப் பிரபலம் என்றாலும், நான்காவது பாட்டிலேயே எனக்கு அது அலுத்துவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்த குழுத் தலைவர் கவுண்ட் பேஸியிடம் இருக்கிறது. 1937இல் பதிவான ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ தாளில் பிறந்ததல்ல. ஒருவர் சிறு இசைத்துணுக்கு ஒன்றை வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ள, எதிர் வரிசை வேறொன்றால் பதில் சொல்ல, மேடையிலேயே உருவாகி மனப்பாடமாகிப் போன அமைப்பு அது.