ஹார்மோன்கள்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, ஹார்மோன் என்று ஒன்று இருப்பதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒரே ஒருவரைச் சொல்ல முடியாது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்டோல்ட் என்பவர் இளம் சேவல்களின் விந்தகங்களை அகற்றிப் பார்த்தார். கொண்டை வளரவில்லை, கூவலும் சண்டைக் குணமும் வரவில்லை. சிலவற்றுக்கு மட்டும் விந்தகத்தை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையிலும் அவை முழுச் சேவல்களாக வளர்ந்தன. ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகப் போகிறது என்று அவர் எழுதினார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்கள் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உணவு குடலுக்கு வந்ததும் கணையம் சுரப்பதற்கு நரம்புகளே காரணம் என்று அப்போது நம்பினார்கள். இவர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது! பிறகு குடலின் உட்படலத்தைச் சுரண்டி, அமிலத்தோடு சேர்த்து அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் செலுத்தினார்கள். அதற்கும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். இப்படி ரத்தத்தின் வழியே செய்தி கொண்டுபோகும் பொருளைத்தான் ஹார்மோன் என்கிறோம்.

கேள்வி: பயத்தில் தோல் வெளுக்கிறது, தசைக்கோ ரத்தம் கூடுகிறது. இரண்டையும் ஒரே அட்ரினலின் எப்படிச் செய்கிறது?

நல்ல கேள்வி. ஹார்மோன் ஒன்றுதான், செல்களில் அதைப் பெறும் ஏற்பிகள் வேறு. தோலின் ரத்தக் குழாய்களில் ஆல்ஃபா ஏற்பிகள் அதிகம், அவை குழாயைச் சுருக்கும். எலும்புத் தசைகளின் குழாய்களிலும் மூச்சுக் குழல்களிலும் உள்ள பீட்டா-2 ஏற்பிகள் தளர்த்தும். ரிப்போர்ட்டில் வரும் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஏற்பியை மறந்துவிடுகிறோம். எதற்கு, எப்படிப் பதில் தருவது என்பது பெறும் செல்லின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகவே இருக்கிறதாம். அப்புறம் ஏன் சர்க்கரை ஏறுகிறது?

மேலே சொன்னதேதான் காரணம். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் தருவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. ஆண்டுகள் போகப்போக அதில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களும் தளர்ந்துவிடலாம். அதனால்தான் சிலருக்குப் பின்னாளில் ஊசி தேவைப்படுகிறது. அது அவர் செய்த தவறு அல்ல, அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதல் வகையில் கதையே வேறு, இன்சுலின் சுரப்பே அற்றுப்போகிறது. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். மருந்து தூய்மையாக இல்லாததால் பலன் கிடைக்கவில்லை. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துத் தந்ததும் 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. இன்சுலினைப் பிரித்தெடுத்த பான்டிங், பெஸ்ட் பெயர்களோடு காலிப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், டெஸ்டுக்கு ஏன் 6 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். இன்சுலினுக்குச் சில நிமிடங்கள் போதும். தைராக்ஸின் நிலைபெற்று, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும், தைராய்டைத் தூண்டும் தன் டிஎஸ்எச் ஹார்மோனின் சுரப்பைச் சரிசெய்துகொள்ள அத்தனை வாரம் பிடிக்கும். இன்னொன்று, முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில ஆய்வக முறைகளில் அது தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.