விறகை எடைக்கு விற்பதா, நீராவியாக விற்பதா?

ஐயா, வணக்கம். சாயப்பட்டறை பாய்லருக்குச் சீமைக்கருவேல விறகை டன் கணக்கில் கொடுப்பதாகவும், மழைக்காலத்தில் ஈரத்தைக் காட்டி லோடுதோறும் எடையைக் கழிப்பதால் இனி நீராவியாகவே விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தகராறின் வேர் எடைக்கணக்கில்தான் இருக்கிறது. எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 2.3 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பமே தரும். ஈரம் 20 சதவீதமாகக் குறைந்தால் அது 4 யூனிட்டைத் தொடும். பின்லாந்தில் 1990களிலிருந்து உழவர்கள் பலர், தனியாகவும் கூட்டாகவும், நகராட்சிப் பள்ளிகளின் பாய்லரை மரச்சில்லு கொண்டு தாங்களே இயக்கி, மீட்டரில் பதிவாகும் வெப்பத்துக்கு விலை பெறுகிறார்கள். அதனால் விறகை உலர்த்துவது விற்பவருக்கே ஆதாயமாகிவிடுகிறது.

ஆனால் பாய்லரை நீங்களே வாங்க வேண்டாம். பட்டறை சில மாதம் மூடினாலும் கடன் தவணை உங்கள் தலையில் விழும். பாய்லர் அவர்களுடையதாகவே இருக்க, விறகும் எரிக்கும் ஆளும் உங்கள் பொறுப்பு, நீராவி மீட்டர்படி விலை, மாதந்தோறும் குறைந்தபட்சக் கொள்முதல் என எழுதி வாங்குங்கள். குழாயில் உப்புப் படிந்தால் கூடுதல் விறகு உங்கள் கணக்கில் எரியும் என்பதால், அதைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு என்பதையும் மறவாமல் சேருங்கள். விறகைக் கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கி, வெட்டுமுகத்தில் வெடிப்பு விட்ட கட்டைகளை முதலில் அனுப்புங்கள். அடுப்பில் நுரை தள்ளிச் சீறும் கட்டை இன்னும் காயவில்லை.