பூப்போட்ட பழைய அயர்ன்ஸ்டோன் தட்டுகள்: கேள்வி பதில்

விக்டோரியா மகாராணி காலத்து அயர்ன்ஸ்டோன் ("இரும்புக்கல்" என்று பொருள்படும் பெயர் கொண்ட கனத்த பீங்கான்) தட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு, இத்தனை ஆண்டுகளாகத் தட்டுகளைப் புரட்டிப் பார்த்த பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பெயரில் இரும்பு இருக்கிறது. தட்டிலும் இருக்கிறதா?

இல்லை. 1813இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த சார்லஸ் ஜேம்ஸ் மேசன் பெற்ற காப்புரிமையில் இரும்புத்தாதுக் கசடு சேர்ப்பதாக எழுதியிருந்தாலும், அந்தப் பெயர் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அது உணர்த்திய உறுதிதான். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு அந்த வட்டாரத்தின் பல பட்டறைகள் அதே வகைக் கனத்த பீங்கானைச் செய்து, பெரும் பங்கை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றின. விக்டோரியா அரியணை ஏறியது 1837இல்தான். ஆகவே மேசனின் முதல் தட்டுகளை "விக்டோரியா காலம்" என்று விற்பவர் அவற்றின் வயதைக் குறைத்தே சொல்கிறார்.

கேள்வி: என் தட்டின் பின்புறம் சாய்சதுர முத்திரை ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு ஆண்டு சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் அது தட்டு செய்யப்பட்ட ஆண்டு அன்று. வடிவமைப்பு அரசுப் பதிவேட்டில் ஏறிய நாள் மட்டுமே. உச்சியில் உள்ள சிறு வட்டத்தில் ரோமானிய எண் நான்கு இருந்தால் மண்பாண்ட வகை என்று பொருள். 1842 முதல் 1867 வரை ஆண்டுக்குரிய எழுத்து அந்த வட்டத்துக்கு நேர் கீழேயும், 1868 முதல் 1883 வரை வலது மூலையிலும் இருக்கும். 1884இலிருந்து சாய்சதுரம் போய், தொடர் எண் வந்துவிட்டது. நன்றாக விற்ற வடிவத்தைப் பதிவு செய்த பின்னும் பல ஆண்டுகள் வார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், முத்திரை சொல்வதை "இதற்கு முன்பு இல்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெயராக "இங்கிலாந்து" என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது 1891க்குப் பிந்தையது. அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் பிறப்பிடத்தைக் குறிக்கச் சொன்னது.

கேள்வி: மேசன் பெயரும் கிரீடமும் உள்ள தட்டை 1840ஐச் சேர்ந்தது என்று சொல்லி விற்றார்கள். நம்பலாமா?

பெயரை வைத்து மட்டும் நம்பாதீர்கள். மேசன் 1848இல் நொடித்துப் போனார். அவருடைய அச்சுகளும் வடிவங்களும் ஃபிரான்சிஸ் மார்லியிடமும், பின்னர் ஆஷ்வொர்த் சகோதரர்களிடமும் கை மாறின. ஆஷ்வொர்த் நிறுவனமே 1968இல் மேசனின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. இதனால் அதே பூ, அதே கிரீடம், நூறாண்டு வித்தியாசம் என்று ஆகிவிடுகிறது. தட்டின் அடிவளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். உண்மையான தேய்மானம் ஓரிடத்தில் வழவழப்பாகவும் ஓரிடத்தில் சொரசொரப்பாகவும் சீரில்லாமல் இருக்கும். உப்புத்தாள் போட்ட வேலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி: பூக்கள் கையால் வரைந்தவையா, அச்சா?

பெரும்பாலும் அச்சு, சிலவற்றில் இரண்டும் உண்டு. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்துக்கு மை பூசி, மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் அந்தத் தாளை ஒட்டித் தேய்ப்பார்கள். தாளைக் கழுவி நீக்கிய பின் மெருகில், அதாவது சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சில், தோய்த்து மறுபடி சூளையில் வைப்பார்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டும் தாளின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் குட்டு உடைந்துவிடும். என்னிடமுள்ள பழுப்புநிறத் தட்டு ஒன்றில் ரோஜாக்கொடி முழு வட்டம் சுற்றி வந்து, கடைசியில் ஒரு பூ பாதியாக அறுபட்டு, அதன்மேல் வேறொரு இலையின் நுனி ஏறி நிற்கிறது. அவசர வேலைதான், எனக்கு அந்தத் தட்டில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். மெருகின்மேல் தூரிகையால் இட்ட சிவப்பும் பச்சையும் சாய்ந்த வெளிச்சத்தில் சற்றே மேடாகத் தெரியும். கத்தி பட்டுத் தேய்வதும் முதலில் அவைதான்.

நீலம் கலங்கித் தெரியும் "ஃப்ளோ புளூ" தட்டுகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். சூளைக்குள் குளோரின் ஆவி எழும் பொருள்களை வைத்து, கோபால்ட் நீலத்தை மெருகுக்குள் வேண்டுமென்றே கசியவிட்ட முறை அது. இந்த வகையில் போலிகள் அதிகம். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய கேடயத்துடன் "விக்டோரியா வேர்" என்று கண்டால், அது இருபதாம் நூற்றாண்டின் நகல் என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: பழுப்புக் கறையைப் போக்க ப்ளீச் போடலாமா?

கூடவே கூடாது. ஒரு தட்டை இரவு முழுவதும் அதில் ஊறவைத்து, காலையில் பால்போல வெளுத்திருக்கக் கண்டு மகிழ்ந்தவன் நான். சில மாதங்களில் விளிம்பின் மெருகு செதில் செதிலாக உதிர்ந்தது. மயிரிழை விரிசல்கள் வழியே உள்ளே இறங்கிய உப்புகள் காயும்போது படிகமாகி, மெருகை அடியிலிருந்து தூக்கிவிடுகின்றன. வேண்டுமானால் தட்டை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பிறகு நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டு, முடிவில் பலமுறை தண்ணீர் மாற்றி அலசி, நாள்கணக்கில் நிழலில் காயவிடுங்கள். பொன்பூச்சு உள்ள தட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: அதில் சாப்பிடலாமா?

அக்கால மெருகில் ஈயம் கலப்பது வழக்கம். புளியோ எலுமிச்சையோ சேர்ந்த எதையும் வைக்காதீர்கள். விரிசல் விட்ட தட்டில் எந்த உணவுமே வேண்டாம்.

கேள்வி: சுவரில் மாட்டக் கம்பிக் கொக்கி போதுமா?

வில்போல் இறுக்கும் கம்பி விளிம்பைச் சில்லாக்கும். பழைய விரிசல் இருந்தால் அதைப் பிளக்கவும் செய்யும். மாட்டுவதற்கு முன் தட்டை விரல்முட்டியால் சுண்டிப் பாருங்கள். மணிபோல் ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால், கண்ணுக்குப் படாத விரிசல் எங்கோ இருக்கிறது. அதற்குச் சுவரைவிட அலமாரித் தட்டே சரியான இடம்.