ஐசர் கோபுரம்: வாசகர் கேள்வி

கேள்வி: பெல்ஜியம் செல்லவிருக்கிறோம். அங்குள்ள ஐசர் கோபுரம் போர் நினைவிடமா, உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் மாடமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டும்தான். டிக்ஸ்முய்டே நகரில் 84 மீட்டர் உயரத்தில் நிற்கும் இக்கோபுரம், முதல் உலகப் போரில் மடிந்த ஃபிளெமிஷ் (பெல்ஜியத்தின் டச்சு மொழி பேசும் மக்கள்) வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்னும் வாசகத்தை டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் அதில் காணலாம். 1930இல் கட்டி முடிக்கப்பட்ட முதல் கோபுரம், 1946 மார்ச்சில் ஓர் இரவு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இக்கோபுரத்தைத் தங்கள் சின்னமாகக் கொண்ட ஃபிளெமிஷ் தேசியவாதிகளில் சிலர் இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியருடன் ஒத்துழைத்ததால் விளைந்த கசப்பு அப்போது ஆறியிருக்கவில்லை. அமைதிச் சின்னத்துக்கும் அரசியல் உண்டு என்பதை மறந்துவிட்டு இதைப் பார்ப்பது அரைகுறைப் பார்வையே ஆகும். இடிபாட்டுக் கற்களைக் கொண்டே 1950இல் அமைதி வாயில் கட்டப்பட்டது. இன்றைய கோபுரம் 1965இல் திறக்கப்பட்டது.

லிஃப்டில் முதலில் உச்சிக்குச் சென்றுவிட்டு, 22 தளங்கள் கொண்ட அருங்காட்சியகத்தை இறங்கியபடியே பார்ப்பது முழங்காலுக்கு நல்லது. 1914இல் ஜெர்மன் படையைத் தடுக்க மதகுகளைத் திறந்து, கடல்நீரை விட்டு மூழ்கடித்த தாழ்நிலம் மேலிருந்து பச்சை வயல்களாகத் தெரியும். கூட்டம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் செல்லுங்கள்.