பேச்சு நின்றதும் மின்விசிறி ஏன் இரைகிறது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சூமில் சாதாரண தர வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பேசும்போது குரல் தெளிவாம். பலகையில் எழுதுவதற்காகப் பேச்சை நிறுத்தினால் மின்விசிறி லொறி போல இரைகிறதாம். திரும்பப் பேசத் தொடங்கும்போது முதற்சொல் காதைப் பிளக்கிறதாம். இந்த வெக்கையில் மின்விசிறியை நிறுத்தவும் ஏலாது. என்ன செய்யலாம்? (ஆசிரியை, பரந்தன்)

பதில்: பழுது மின்விசிறியில் இல்லை. குரல் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பகுதிதான் இதைச் செய்கிறது. கருவி தாங்கும் உச்ச ஒலியை 0 டெசிபெல் என்று வைத்தால், மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே மறையில் வரும். உங்கள் குரல் −40, மின்விசிறி −55 என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு −20 அளவில் குரல் போகவேண்டும் என்பதால் கருவி 20 டெசிபெல் கூட்டுகிறது. மின்விசிறி −35க்கு வருகிறது, அது தாங்கக்கூடியதே. நீங்கள் எழுதத் திரும்பியதும் கருவிக்குக் கிடைப்பது −55 மட்டும். "ஆள் மெல்லப் பேசுகிறார்" என்று எண்ணி 35 டெசிபெல் வரை கூட்டிவிடுகிறது. இப்போது மின்விசிறி உங்கள் குரல் அளவுக்கு இரைகிறது. அந்த நிலையில் நீங்கள் வாய் திறந்தால் முதற்சொல் −5இல் போய் விழும். பிள்ளைகளின் காதைப் பிளப்பது அதுதான்.

இயந்திரக் கற்றல் உதவுவது இந்த இடத்தில்தான். பழைய முறை ஒலியின் வலுவை மட்டும் பார்த்து "பேச்சு" என்று முடிவு செய்யும். ஒலிகளைக் கொடுத்துப் பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்பு என்ற நிரலோ 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை, எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி, அது எப்படி மாறுகிறது, குரல்நாணின் சுருதி உண்டா என்று பார்த்து, பேச்சாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை சொல்லும். வாய்ப்பு உயர்ந்திருக்கும்போது மட்டும் அளவைத் திருத்தி, மற்ற நேரம் இருந்தபடி விட்டால் மின்விசிறி ஏறாது.

நீங்கள் செய்யவேண்டியது: சூமைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். பின்னணி இரைச்சல் நீக்கத்தை நடுத்தரத்தில் வையுங்கள். அப்போதும் மின்விசிறி ஏறினால் ஒலி அமைப்புகளில் ஒலிவாங்கி அளவைத் தானாகச் சரிசெய்யும் தெரிவை எடுத்துவிட்டு, அளவைக் கையால் ஒருமுறை வைத்துவிடுங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தூரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. 60 சென்ரிமீற்றரில் இருக்கும் ஒலிவாங்கியை 15க்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபெல் கூடும், மின்விசிறியின் இரைச்சல் அப்படியே இருக்கும். சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி போதும். வாய்க்கு நேரே வேண்டாம், ஒரு சாண் கீழே குத்துங்கள்.

கேள்வி: கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் ஒரு போனை மேசை நடுவில் வைத்துப் பேசுகிறோம். தூர இருப்பவர் பேசினால் முதல் வசனம் மறுமுனைக்குக் கேட்பதில்லை. (ஒட்டுசுட்டான்)

பதில்: கிட்ட இருப்பவருக்கும் தூர இருப்பவருக்கும் இடையில் 20 டெசிபெல் வித்தியாசம் இலேசாக வரும். கருவி வினாடிக்கு 6 டெசிபெல் வீதம் கூட்டினால் அளவு சரியாவதற்கு மூன்று வினாடிக்கு மேல் வேண்டும். அதைவிட வேகமாகக் கூட்டினால் பரந்தன் ஆசிரியையின் தொல்லை வந்துவிடும். ஆகவே பேசுபவர் முதலில் பெயரையும் ஊரையும் ஆறுதலாகச் சொல்லட்டும். அந்த நேரத்துக்குள் கருவி அவர் குரலுக்கு வந்துவிடும், விதைநெல்லும் மானியமும் முழுதாகக் கேட்கும். போனை ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாற்றினால் இன்னும் நல்லது. மேசையில்தான் என்றால் கீழே மடித்த துவாய் போடுங்கள். அதே அறையில் இரண்டாவது போன் கூட்டத்தில் சேரக்கூடாது, சேர்ந்தால் ஊளையிடும்.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டமாகக் குரல் அளவைச் சீராக்கும் மென்பொருள் எழுதுகிறேன். இரைச்சல் நீக்கும் நிரலான ஆர்.என்.நொய்ஸை (RNNoise) இணைத்தேன். பேச்சு வாய்ப்பு எப்போதும் பூச்சியத்துக்குக் கிட்டவே வருகிறது. (மாணவர், வவுனியா)

பதில்: அநேகமாக எண்ணளவுப் பிழை. அந்த நிரல் தசம எண்களை வாங்கினாலும் −32768 முதல் 32767 வரையான அளவிலேயே எதிர்பார்க்கிறது. நீங்கள் −1 முதல் 1 வரை கொடுத்தால் அதற்கு எல்லாம் அமைதிதான். 32768ஆல் பெருக்கிக் கொடுங்கள். இரண்டாவது, ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்த மாதிரிகள் வேண்டும். அது ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித்துண்டு (சட்டம்) 480 மாதிரி, அதாவது 10 மில்லி வினாடி. 16,000இல் பதிந்த ஒலியை மாற்றாமல் ஊட்டினால் சுருதியைத் தவறாகப் பார்க்கும்.

2017இல் ஜோன்-மார்க் வலின் வெளியிட்ட இந்த முறை தொடங்குபவருக்கு நல்ல தெரிவு. ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, 42 அளவீடுகளை உள்ளே எடுத்து, ஒவ்வொரு பட்டையையும் எவ்வளவு குறைப்பது என்பதோடு பேச்சு வாய்ப்பையும் தருகிறது. பெரிய கணினி தேவையில்லை.

வரிசை முக்கியம்: முதலில் எதிரொலி நீக்கம், பிறகு இரைச்சல் நீக்கம், கடைசியில் அளவு மாற்றம். அளவை முன்னே மாற்றினால் எதிரொலி நீக்கி படித்துவைத்த கணக்கு ஒவ்வொரு முறையும் குலையும். வாய்ப்பு 0.9ஐத் தாண்டிய சட்டங்களை மட்டும் எடுத்து இரண்டு மூன்று வினாடிச் சராசரி பாருங்கள். இலக்கான −20 டெசிபெலுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கூட்டுங்கள், ஆனால் 30க்கு மேல் வேண்டாம். கூட்டிய பிறகு இரைச்சல் −50ஐத் தாண்டுமானால் அதற்கு முன்னமே நிறுத்துங்கள். கூட்டுவது மெதுவாக, குறைப்பது உடனடியாக. சட்டத்துக்குச் சட்டம் பெருக்கத்தை (கூட்டும் அளவை) படியாக மாற்றினால் "கிர்" என்று கேட்கும், 480 மாதிரிக்குள் சிறுகச் சிறுக நகர்த்துங்கள். ஒலிவாங்கியிலேயே உச்சம் வெட்டுப்பட்ட குரலை எந்தப் பெருக்கமும் மீட்காது.

தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். பேச்சில்லாத இடத்தை முழுதாக மௌனமாக்குபவர்கள் வசனத்தின் வாலை வெட்டிவிடுகிறார்கள். எங்கள் பேச்சில் குரல் தணிவது கடைசி அசையில்தான், பொருள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். "காசு வந்திட்டுதோ" என்பதில் கடைசி ஓகாரம் போனால் கேள்வி செய்தியாகிவிடும். பேச்சு நின்றபின் குறைந்தது 200 முதல் 300 மில்லி வினாடி கதவைத் திறந்தே வையுங்கள். சோதனைக்கு மின்விசிறி, மின்பிறப்பாக்கி, லான்ட்மாஸ்ரர், தகரக் கூரையில் மாரி மழை ஆகியவற்றை நீங்களே பதிந்து, குரல் இரைச்சலைவிட 20, 10, 5, 0 டெசிபெல் உயர்ந்திருக்கும்படி கலந்து கேளுங்கள். முதியவர், சிறுவர் குரலும் இருக்கட்டும். மழையில்தான் நிரல் அதிகம் தடுமாறும். எல்லா அலைவரிசையிலும் விழும் ஒலி என்பதால் சகரமும் ஸகரமும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும்.

கேள்வி: வைகாசிப் பொங்கல் காலத்தில் ஊரெல்லாம் ஒலிபெருக்கி. செயலி அந்தச் சத்தத்தை எடுத்துவிடாதா? (முல்லைத்தீவு)

பதில்: பறையையும் மேளத்தையும் ஓரளவு எடுக்கும். பாட்டையும் அறிவித்தலையும் எடுக்காது, ஏனென்றால் அவையும் மனிதக் குரல். நீங்கள் பேசாத நேரம் அந்தக் குரலையே பேச்சென்று நம்பிக் கூட்டவும் செய்யும். உங்கள் குரலை முன்கூட்டிப் பதிந்து அதை மட்டும் விடும் வசதி சில செயலிகளில் உண்டு. இல்லையென்றால் தானாகச் சரிசெய்வதை நிறுத்தி, வயர் பூட்டிய ஹெட்செற்றைப் போட்டு, பேசாத நேரம் ஒலிவாங்கியை மூடி வையுங்கள்.