முக்கால் டன்னா, ஒரு டன்னா? வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அண்ணா. டென்வருக்குப் பக்கத்தில் ஆரோராவில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கோடையில் கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வந்து நான்கு மாதம் தங்குவார்கள். எல்லோருமாக மலைப்பக்கம் சுற்றிவர, சாமானோடு 12,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பில் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் சக்கர வீடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முக்கால் டன் டீசல் பிக்கப் போதும், அது 15,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் ஷோரூம்காரர். நண்பர் ஒரு டன்தான் வேண்டும் என்கிறார். தினமும் ஆறு மைல் தள்ளி இருக்கும் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு டன் வாங்குங்கள் தம்பி. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ளதே போதும்.

ஷோரூம்காரர் சொன்ன 15,000 இழுக்கும் கணக்கு. உங்களுக்கு இடிக்கப்போவது சுமக்கும் கணக்கு. மாட்டுவண்டியில் முன்பாரம் என்றால் என்னவென்று அப்பாவைக் கேளுங்கள், சொல்வார். மூட்டைகளை முன்னால் தள்ளி ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் இறங்கும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் அப்படிப்பட்ட முன்பார வண்டி. அதன் மூக்கு பிக்கப்பின் பின்தொட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு மேலே உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் நாலில் ஒரு பங்குகூட, அங்கே இறங்கிவிடும்.

உங்கள் டிரெய்லருக்கு ஐந்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 2,400 பவுண்டு. அதைத் தாங்கித் தொட்டிக்குள் நிற்கும் கொக்கி சுமார் 200. நீங்கள் ஆறு பேர், 850 இருக்கலாம். ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, அம்மா கட்டாயம் எடுத்துவரும் சமையல் பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து 150. ஆக, 3,600 பவுண்டு.

இப்போது ஷோரூமில் நிற்கும் அந்த வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள். கதவுத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு வேறாக இருக்கும். விளம்பரத் தாளில் உள்ளதை விட்டுவிட்டு இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், டீசல் எல்லாம் சேர்ந்து, வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று இருக்கும் முக்கால் டன் வண்டியில் இந்த எண் பெரும்பாலும் 2,000க்கும் 2,500க்கும் நடுவில்தான் நிற்கும். உங்களுக்கு வேண்டியது 3,600.

முக்கால் டன் என்பது வெறும் பழைய பெயர். ஒரு காலத்தில் அது 1,500 பவுண்டு சுமக்கும் வண்டியைக் குறித்தது. இன்று ஃபோர்டில் எஃப்-250, ராமிலும் ஷெவர்லேயிலும் 2500 என்பவை முக்கால் டன். எஃப்-350, 3500 என்பவை ஒரு டன். அமெரிக்க வகைப்பாட்டில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் மூன்றாம் வகுப்பு. வியாபார வண்டிகளுக்கான விதிகளும் சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் அந்தக் கோட்டில் மாறுவதால், பல முக்கால் டன் வண்டிகளை 10,000த்திலேயே நிறுத்தி எழுதிவிடுகிறார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. வரம்பு நகராததால், எஞ்சின் கனத்த அளவுக்குச் சுமக்கும் அளவு குறைகிறது. அதிகப் பணம் கொடுத்து டீசல் வாங்கியவருக்குக் குறைந்த சுமைதான் கிடைக்கிறது. இதை விற்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

நான் இதை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2014 ஜூலை. என்னிடம் முக்கால் டன் டீசல், பின்னால் 11,500 பவுண்டு ஃபிஃப்த் வீல். ஐ-70 நெடுஞ்சாலை பிடித்து யூட்டாவில் உள்ள மோவாப் போய்க்கொண்டிருந்தோம். யூட்டாவுக்குள் நுழைந்து, கிரெசன்ட் ஜங்ஷன் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிக்கப்பின் வலது பின்டயர் வெடித்தது. கொளுத்தும் வெயில். எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன், யாருக்கும் காயமில்லை. பின்சீட்டில் என் மகள் அழுத அழுகை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது லாரிகள் நிற்கும் ஒரு நிறுத்தத்தில் எடைமேடையில் ஏற்றினேன். முன்சக்கரம் ஒரு பலகையில், பின்சக்கரம் அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில். ஒவ்வொன்றுக்கும் தனி எடை போட்டுச் சீட்டு தருவார்கள். பின் அச்சில் 6,720 பவுண்டு. அச்சின் வரம்பு 6,200. ஒரு டயர் தாங்குவது 3,195 என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரண்டுக்கும் 6,390. அதற்கு முந்தைய இரண்டு கோடையிலும் எந்த மேட்டிலும் எஞ்சின் திணறியதே இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. டீசல் எஞ்சின் பாரத்தைக் காட்டிக்கொடுக்காது. டயரும் ஸ்பிரிங்கும் சத்தமில்லாமல் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், ஒருநாள் வரை.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்னும் காற்றுப்பை போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தாழ்ந்த பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான். டயரும் அச்சும் அதேதான், ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது.

ஒரு டன் டீசலில், பின்னால் ஒற்றைச் சக்கரம் என்றாலும், 3,600க்கு மேல் காட்டும் வண்டிகள் கிடைக்கும். தேடி எடுங்கள். சன்ரூஃப் போன்ற சேர்க்கைகள் ஒவ்வொன்றும் அந்த எண்ணைத்தான் தின்னும். பெரும்பாலும் எஞ்சினும் வண்டியின் அடிச்சட்டமும் முக்கால் டன்னில் உள்ளவையே என்பதால் விலையும் பெரிதாக ஏறாது. ஒரு குறை உண்டு. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் விறைப்பாகக் குதிக்கும். அம்மாவுக்கு இடுப்புவலி இருந்தால் முன்சீட்டில் உட்காரவையுங்கள்.

டீசலா பெட்ரோலா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் ஏறப்போகும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். சுரங்க வாசலை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசலுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு. சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்ன் பக்கம் இறங்கும்போது, எஞ்சின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உங்கள் சக்கர பிரேக்கைச் சூடேறாமல் காக்கும். ஆகவே டீசல்தான். ஆனால் தினமும் ஆறு மைல் மட்டும் ஓட்டினால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறாது, கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், செலவு பெரிதாகும். அலுவலகத்துக்குப் பழைய காரையே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

கேள்வி: ஆஸ்டினில் இருக்கிறோம் அண்ணா. எங்களுடையது சாமானோடு 7,000 பவுண்டு வரும் சாதாரண டிராவல் டிரெய்லர். நாங்கள் நான்கு பேர். இவர் ஒரு டன் டீசல்தான் வேண்டும் என்று நிற்கிறார். பெரும்பாலும் ஓட்டப்போவது நான். அவ்வளவு பெரிய வண்டி வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பின் பம்பருக்குக் கீழே மாட்டும் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் வண்டிமேல் இறங்கும். உங்களுக்கு 900 பவுண்டு என்று வையுங்கள். நான்கு பேர், கொக்கி, சாமான் எல்லாம் சேர்த்தாலும் 1,800ஐத் தாண்டாது. முக்கால் டன் பெட்ரோல் வண்டி இதைச் சிரமமில்லாமல் சுமக்கும். ராம் 2500இல் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங், காலியாக ஓட்டும்போது மெத்தென்று இருக்கும். அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஹூஸ்டன் வாசகன். 16,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் வாங்குகிறேன். பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூயலி அவசியமா?

பதில்: அவசியம். மூக்கில் மட்டும் 3,200 முதல் 4,000 பவுண்டு இறங்கும். ஒற்றைச் சக்கர ஒரு டன்னில் ஆட்களை ஏற்ற மிச்சமே இருக்காது. டூயலி பின்பக்கம் எட்டடி அகலம், பல கார்வாஷ்களில் நுழையாது, டயர் மாற்றினால் ஆறு மாற்ற வேண்டும். இன்னொன்று: டெக்சஸில் பிக்கப், டிரெய்லர் இரண்டின் எடை வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000த்துக்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கே ஏ வகுப்பு ஓட்டுநர் உரிமம் வேண்டும். உங்கள் ஜோடி கண்டிப்பாகத் தாண்டும். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.