இன்னும் வராத ஒருவர் “இதோ வந்துட்டேன்” என்று சொல்வது பொய்யா, இலக்கணப் பிழையா?

இரண்டும் இல்லை. நீங்கள் யாருக்காகவோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் மதுரையில் எலக்ட்ரீஷியன். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்கிறவன்.

மூன்று வருடத்துக்கு முன் கோச்சடையில் ஒரு வீட்டில் பாதி அறைகளுக்குக் கரண்ட் இல்லை என்று அழைத்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. காளவாசல் சிக்னலில் நிற்கும்போது மறுபடியும் போன். “வந்துட்டேன் டீச்சர்” என்றேன். “எங்கப்பா வந்துட்டே? நான் வாசல்லதானே நிக்கிறேன்? இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், இங்கே எனக்கு வகுப்பு நடக்கிறது.

போய்ச் சேர்ந்து பெல் அடித்தால், உள்ளேயிருந்து டீச்சர் குரல்: “இதோ வந்துட்டேன் தம்பி!” கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கூலி வாங்க வேண்டுமே.

ஆனால் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் என் மகள் பத்தாம் வகுப்பு. அவள் தமிழ்ப் புத்தகத்தில் வழு (பிழை), வழாநிலை (பிழையில்லாதது), வழுவமைதி (பிழையானாலும் ஏற்றுக்கொள்ளப்படுவது) என்று ஒரு பாடம். “குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்” என்ற எடுத்துக்காட்டு அதில் இருக்கிறது. நாளை என்றால் ‘வருவார்’ என்றுதான் வர வேண்டும், ஆனாலும் யாரும் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, இது கால வழுவமைதி என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், அன்று ராத்திரி தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் விஷயத்துக்கு நேராகவே விதி இருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மாறி வரலாம் என்கிறது நன்னூல். அதற்கும் முன்னால் தொல்காப்பியம், விரைவைச் சொல்லும்போது எதிர்காலமும் நிகழ்காலமும் இறந்தகாலமாக வரும் என்கிறது. அதற்குச் சேனாவரையர் உரையில் சொல்லும் உதாரணத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சோறு தாமதமாகி ஒருவன் இன்னும் சாப்பிடாமல் இருக்கிறான். அவனைக் கூட்டிப்போக வந்தவன் “இன்னும் சாப்பிடலையா?” என்கிறான். இவன் சொல்கிற பதில்: “உண்டேன், போந்தேன்.” சாப்பிட்டேன், வந்தேன் என்று அர்த்தம். இலையில் சோறே விழவில்லை!

தெளிவுக்கு உரைக்காரர்கள் காட்டுவது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை பெய்தது என்பது. நாம் “மாட்டினா செத்தோம்” என்கிறோமே, அதே கணக்கு. உறுதியாக நடக்கப்போவதை நடந்ததாகவே சொல்லிவிடுகிறோம்.

இதில் ‘விட்டேன்’ வேறு சேர்கிறது. ‘வந்துட்டேன்’ என்பதை வந்து + விட்டேன் என்று பிரித்தால், ‘விடு’ துணைவினை, அதாவது முன்னால் உள்ள வினைக்குத் துணையாக ஒட்டி வருவது. வேலை முடிந்தது, இனிப் பேச்சில்லை என்ற தொனி அதனால்தான் வருகிறது. “வந்துடுறேன்” என்றால் வாக்குறுதி. “வந்துடுவேன்” என்றால், என் அனுபவத்தில், நம்பாதீர்கள்.

“அப்போ இரண்டு மணி நேரம் கழித்து வருகிறவனும் இலக்கணம் பேசலாமா?” என்று யாராவது கேட்பீர்கள். பேச முடியாது. விதி விரைவுக்குத்தான். வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே “வந்துட்டேன் சார்” என்பவன் சொல்வது சுத்தப் பொய். நானும் அப்படிச் சொன்னதுண்டு. எல்லோரும் யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. நான் படித்ததும் ஐடிஐதான், தமிழ்ப் புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இவ்வளவு கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதே இல்லை. வெயிலில் வண்டி ஓட்டி வந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, நியூட்ரல் கழன்றிருக்கிறது என்று கண்டுபிடித்து இரண்டே நிமிடத்தில் முறுக்கிக் கொடுத்தால், “இதுக்கா இருநூறு ரூபாய்?” என்கிறார்கள். ஒரு மணி நேரம் சுவரைக் கொத்தினால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். டீச்சர் வீட்டிலும் அன்று அந்த நியூட்ரல்தான். நூற்றைம்பது கொடுத்தார். மீதியை “அடுத்த தடவை தந்துடுறேன்” என்றார்.